எல்லைக் கிராமங்களில் யார் எந்த மாநிலத்தவர்? பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் பூர்விகமும் குடியிருப்பும்

ஒருவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு இந்திய அரசமைப்புச் சட்டத்தில் நேரடி விடை இல்லை. அதன் 5ஆம் உறுப்பு இந்தியக் குடியுரிமையை மட்டுமே பேசுகிறது. கேரளக் குடியுரிமை, தமிழ்நாட்டுக் குடியுரிமை என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால் மருத்துவக் கல்லூரி இடம், சாதிச் சான்று, கல்வி உதவித்தொகை, வாக்காளர் பட்டியல் என்று வந்துவிட்டால், இல்லாத அந்த மாநிலக் குடியுரிமையை ஏதாவது ஒரு வடிவில் நிரூபிக்காமல் காரியம் நடப்பதில்லை.

மற்ற ஊர்களில் இது ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் அப்படி முடிவதில்லை. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், பொழியூர், வெள்ளறடை ஆகிய ஊர்கள் கேரளத்தில் இருக்கின்றன. அவற்றை ஒட்டியே களியக்காவிளை, கொல்லங்கோடு, நீரோடி ஆகியவை தமிழ்நாட்டில் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், நிலம் வாங்குவதும், பள்ளிக்குப் போவதும், சந்தைக்குப் போவதும் இந்தக் கோட்டைப் பார்த்து நடப்பவை அல்ல. ஒருவரை ஒரு மாநிலத்தவர் ஆக்குவது பேசும் மொழியா, குடியிருக்கும் வீடா, பாட்டன் பிறந்த ஊரா என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன.

திருவிதாங்கூர் தந்த முதல் விடை

மாநிலம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பிரிவு இங்கே அரசியலாகிவிட்டது. 1891இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் கொடுத்த மனு 'மலையாளி மெமோரியல்' என்று அறியப்படுகிறது. பாரிஸ்டர் ஜி. பி. பிள்ளை, கே. பி. சங்கர மேனன் போன்றோர் இதற்குப் பின்னால் இருந்தனர். உயர் பதவிகளை வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்கள் நிறைத்துவிட்டனர், திருவிதாங்கூர் வேலை திருவிதாங்கூராருக்கே என்பது அதன் சாரம். இதற்கு எதிர்மனுவும் போனது.

உள்நாட்டார் என்பதை இந்த மனுவின் வழியில் வரையறுக்க மொழி உதவவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரும் தென் திருவிதாங்கூர் நாடார்களும் தமிழ் பேசியவர்கள். ஆனால் அவர்களை வந்தேறிகள் என்று எவரும் சொல்ல முடியாது. வந்து எத்தனை காலம் ஆனது என்பதையும் அளவாகக் கொள்ள இயலவில்லை, ஏனெனில் பல பிராமணக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கேயே இருந்தவை. இன்னொரு பக்கம், அரசே அழைத்துக் குடியமர்த்திய வெளியாரும் உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாலராமபுரத்தின் சாலியர் நெசவாளர்கள், பாலராமவர்மா மன்னர் காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அரண்மனைக்குத் துணி நெய்ய வரவழைக்கப்பட்டவர்கள். இன்று பாலராமபுரம் கைத்தறி புவிசார் குறியீடு பெற்ற கேரளப் பொருள். அதை நெய்தவர்களின் முன்னோர் குடியேறிகள் என்பது எவருக்கும் உறுத்துவதில்லை. குடியேறியவர் எப்போது உள்ளூராராகிறார் என்பதில் ஆண்டுக்கணக்கைவிட, அவர் யாருடைய வேலைக்குப் போட்டியாக நிற்கிறார் என்பதே அதிகம் எடைபோட்டது என்று கொள்ள இடமுண்டு.

மொழியே அளவு என்ற நிலைப்பாடு

இரண்டாவது விடை 1940களில் வலுப்பெற்றது. தமிழர் வாழும் நிலம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றது மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியனவும் அதன் கோரிக்கையில் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று பட்டம் தாணுபிள்ளை ஆட்சியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. தெற்கு நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்த ஆணையம், நெய்யாற்றின்கரையைத் தரவில்லை. வட்டத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மை என்ற நிலையில் அங்கே மொழி வாதம் எடுபடவில்லை. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை இருந்தும், அவர்களில் பெரும் பகுதியினர் தோட்டத் தொழிலாளர்கள், வந்து போகிறவர்கள் என்ற வாதம் எதிராக நின்றது. ஓரிடத்தில் எண்ணிக்கை வழக்கை முடித்தது. இன்னோரிடத்தில் எண்ணிக்கை இருந்தும் நிலையான குடியிருப்பு இல்லை என்பது முடித்தது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் எந்த அலகில் எண்ணுவது என்பதில் இருக்கிறது. ஆந்திர–சென்னை எல்லையைத் தீர்த்த படாஸ்கர் 1957இல் கிராமத்தை அலகாகக் கொண்டார். திருத்தணி அப்படித்தான் 1960இல் தமிழகத்துக்கு வந்தது. அதே அளவை இங்கே வைத்திருந்தால் பாறசாலைப் பக்கத்துச் சில கிராமங்களின் கதி வேறாக இருந்திருக்குமோ என்ற கேள்வியை எழுப்பலாம். உறுதியாகப் பதில் சொல்வது கடினம். இரண்டாவது பலவீனம் அதைவிட அடிப்படையானது. எல்லைக் கிராம வீடுகளில் தாய் தமிழும் பிள்ளைகள் மலையாளமும் பேசுவது சாதாரணம். கணக்கெடுப்பாளரிடம் ஒரு மொழிதான் சொல்ல வேண்டும் என்பதால், அந்த ஒற்றைச் சொல் வீட்டின் உண்மை நிலையைவிட அன்றைய அரசியல் காற்றையே காட்டியிருக்கக்கூடும்.

1956 நவம்பர் 1 அன்று நடந்தது என்ன என்பதையும் சரியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் வரை விளவங்கோடு வட்டமும் நெய்யாற்றின்கரை வட்டமும் ஒரே திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. இரண்டு வட்டங்களுக்கு இடையிலிருந்த கோடு மறுநாள் மாநில எல்லையானது. யாரும் எங்கும் குடிபெயரவில்லை. பாதிப் பேர் இன்னொரு மாநிலத்தவர் ஆனார்கள்.

கேரளத்தில் தங்கியவர்களுக்கு மொழிச் சிறுபான்மையினர் என்ற தகுதி எஞ்சியது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. மொழிக்குப் பாதுகாப்பு உண்டு என்றாலும், யார் எந்த மாநிலத்தவர் என்ற கேள்விக்கு இது விடையாகவில்லை.

குடியிருப்பே அளவு என்ற நிலைப்பாடு

மூன்றாவது விடை நீதிமன்றங்களில் உருவானது. 1955இல் டி. பி. ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறந்த இடம் வேறு, குடியிருக்கும் இடம் வேறு என்று பிரித்தது. பிறப்பிடத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதை 15ஆம் உறுப்பு தடுக்கிறது. குடியிருப்பை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை தருவதை அது தடுக்கவில்லை என்பது முடிவு. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில், இந்தியாவுக்கு ஒரே உறைவிட உரிமைதான் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் தனி உறைவிடம் என்பது பொருந்தாது என்று சொன்ன நீதிமன்றம், இளநிலை மருத்துவப் படிப்பில் குடியிருப்பு சார்ந்த ஒதுக்கீட்டை ஓரளவு அனுமதித்தது. 2025 ஜனவரி 29 அன்று தன்வி பெல் வழக்கில், முதுநிலை மருத்துவப் படிப்பில் அத்தகைய ஒதுக்கீடு சமத்துவ உரிமைக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது.

வேலையில் நிலைமை இன்னும் கடுமை. 16ஆம் உறுப்பின்படி, குடியிருப்பை வேலைக்கு நிபந்தனையாக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும், மாநிலங்களால் முடியாது. அதனால் மாநிலங்கள் மொழித் தேர்வைக் கையில் எடுத்தன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் 2021 முதல் கட்டாயம். இது சட்டப்படி குடியிருப்பு நிபந்தனை அல்ல. நடைமுறையில் பாறசாலையில் மலையாள வழியில் படித்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

குடியிருப்பு அளவின் நன்மை, அதைச் சரிபார்க்க முடியும் என்பது. குறை, எத்தனை ஆண்டு என்பதில் எவருக்கும் ஒருமித்த கருத்து இல்லை என்பது. ஹைதராபாத்தின் பழைய முல்கி விதி 15 ஆண்டு கேட்டது. ஜம்மு காஷ்மீரின் 2020 விதி 15 ஆண்டுக் குடியிருப்பையோ, 7 ஆண்டுப் படிப்போடு அங்கேயே 10 அல்லது 12ஆம் வகுப்புத் தேர்வு எழுதியிருப்பதையோ கேட்கிறது. தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கை 6 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்திருப்பதைப் பார்க்கிறது. கேரள நுழைவுத் தேர்வு விதிகள் 'கேரளீயர்' என்பதற்குக் கேரள வம்சாவளியை முதன்மையாக வைத்து, மற்றவர்களைக் 'கேரளீயர் அல்லாதோர்' என்று தனி வகையாக்கி, அவர்களில் கேரளத்தில் படித்தோருக்கும் வாழ்ந்தோருக்கும் வரம்புக்குட்பட்ட இடம் தருகின்றன. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் ஒன்று பள்ளியைப் பார்க்கிறது, மற்றொன்று வம்சத்தைப் பார்க்கிறது.

இந்த வேறுபாடு எல்லையில் இரண்டு விதமாக விளைகிறது. களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளியில் படித்த பாறசாலைப் பிள்ளைக்கு இரண்டு கதவும் திறக்கலாம். வரிசை மாறிப் படித்தவருக்கு இரண்டும் அடைபடலாம். 2017இல் நீட் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின், இரு மாநிலத் தரவரிசைகளிலும் ஒரே பெயர்கள் இருப்பதாகப் புகார்கள் கிளம்பி, இருப்பிடச் சான்றுகளின் மீது கண்காணிப்பு இறுகியது. போலிகளைப் பிடிக்க வந்த அந்த இறுக்கம், உண்மையாகவே இரண்டு பக்கமும் வேர் உள்ள குடும்பங்களையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது.

பூர்விகமே அளவு என்ற நிலைப்பாடு

இட ஒதுக்கீட்டில் மட்டும் குடியிருப்பு போதாது. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் பழங்குடியினருக்கான ஆணை அதே ஆண்டு செப்டம்பர் 6. அந்த நாளில் குடும்பம் நிலையாக எங்கே இருந்ததோ அந்த மாநிலமே சாதித் தகுதிக்குரிய மாநிலம். பிறகு இடம்பெயர்ந்தவர், சென்ற மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்பதை 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கும் 2018இல் பீர் சிங் வழக்கும் உறுதி செய்தன. ஒரு சாதியின் தாழ்வு அந்தந்த இடத்தின் சமூக நிலைமையைச் சார்ந்தது. இடம் மாறினால் அந்தத் தாழ்வும் கூடவே வரும் என்று கருத முடியாது என்பது இதன் நியாயம். தீண்டாமை எல்லைக் கோட்டில் நின்றுவிடும் என்று நம்பச் சொல்வதுதான் இதன் பலவீனம்.

மலையகத் தோட்டங்களில் இதன் விளைவு கூர்மையாகத் தெரிகிறது. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தலித் குடும்பங்கள், 1950க்கு முன் இங்கே இருந்ததைத் தாளில் காட்ட முடியாமல் சாதிச் சான்றுக்கு அலைவது நெடுநாள் பிரச்சினை. தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தல் வழக்கில், அவரது மதத்தோடு குடும்பம் எப்போது கேரளப் பகுதிக்கு வந்தது என்பதும் விவாதப் பொருளானது. கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அந்தத் தீர்ப்பை நீக்கியது.

பாறசாலைப் பக்கத்தில் சிக்கல் வேறு. இங்கே மக்கள் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. 1950இல் களியக்காவிளையும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம்; ஒரே சாதிப் பட்டியல். அந்தப் பட்டியலின் தடம் தமிழ்நாட்டுப் பட்டியலில் இன்றும் அழியவில்லை. வண்ணான் சாதி கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியல் சாதி. தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் அப்படியில்லை. ஒரே மாநிலத்துக்குள் பழைய அரசு ஒன்றின் எல்லை 70 ஆண்டுகளாகச் சாதிச் சான்றின் வழியே உயிரோடு இருக்கிறது. அகத்தியர் மலைக் காடுகளின் காணிக்காரர் இரண்டு மாநிலங்களிலும் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இப்பகுதியின் பெரிய சமூகமான நாடார்களுக்குப் பிரிவு வேறு மாதிரி விழுகிறது. தமிழ்நாட்டில் இந்து நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் பிற்படுத்தப்பட்டோர். கேரளத்தில் இந்து நாடாருக்கும் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த நாடாருக்கும் முன்பே ஒதுக்கீடு இருந்தது. மற்றச் சபைகளின் நாடார்கள் விடுபட்டிருந்தனர். 2021 பிப்ரவரியில் கேரள அரசு அவர்களையும் சேர்க்க, உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதற்குத் தடை விதித்தது. ஆக, அண்ணன் களியக்காவிளையிலும் தம்பி பாறசாலையிலும் இருந்து இருவரும் ஒரே கோவிலில் திருப்பலி கண்டாலும், ஒருவர் பிற்படுத்தப்பட்டவராகவும் மற்றவர் பொதுப் பிரிவினராகவும் இருந்த காலம் நீண்டது.

மாநிலம் பிரிக்கப்பட்ட இடத்தில் பூர்விகக் கணக்கை அப்படியே வைக்கலாமா என்ற கேள்விக்கு அருகில் வந்த தீர்ப்பு பங்கஜ் குமார் வழக்கு (2021). பீகாரிலிருந்து ஜார்க்கண்ட் பிரிந்த நிலையில், அதன் மறுசீரமைப்புச் சட்டத்தின் அடிப்படையில், ஒருவர் இரண்டு மாநிலங்களில் ஏதாவது ஒன்றில் ஒதுக்கீடு கோரலாம், இரண்டிலும் சேர்த்துக் கோர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1956ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு இந்தத் தேர்வு உரிமை பொருந்துமா என்பது தனியாக வாதிடப்பட வேண்டியது. இரண்டு சட்டங்களின் வாசகமும் காலமும் வேறு. ஆனால் இதன் தர்க்கம் எல்லைக் கிராமத்தாருக்கு மற்ற எந்தத் தீர்ப்பையும்விட நெருக்கமானது.

அலுவலக மேசையில்

கோட்பாடுகள் எல்லாம் கடைசியில் கிராம அலுவலகத்தில்தான் வந்து சேர்கின்றன. கேரளப் பக்கத்தில் அட்சயா மையத்தில் விண்ணப்பம். வில்லேஜ் ஆபீசர் நில வரி ரசீது, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று பார்ப்பார். தமிழ்நாட்டுப் பக்கத்தில் இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படி ஏற வேண்டும். களியக்காவிளையில் பிறந்த பெண் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டால், அவரது சாதிச் சான்று தகப்பன் வழியில் தமிழ்நாட்டைச் சேரும். ரேஷன் கார்டும் வாக்கும் கேரளத்தில் இருக்கும். பிள்ளைகள் தகப்பன் வழியில் கேரளத்தவர். ஒரே வீட்டுக்குள் இரண்டு மாநிலம்.

வாக்காளர் பட்டியலுக்கு 'வழக்கமாகக் குடியிருப்பவர்' என்பதே தகுதி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஓரிடத்தில் வீடு வைத்திருப்பது மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியே போவதால் தகுதி போகாது. இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது. எளிய, நியாயமான அளவு. ஆனால் 2025 நவம்பர் 4 அன்று இரு மாநிலங்களிலும் ஒரே சமயத்தில் தொடங்கிய தீவிரத் திருத்தம் பழைய பட்டியலோடு தொடர்பு காட்டச் சொன்னது. கேரளத்துக்கு அது 2002 பட்டியல். எல்லை தாண்டி மணமாகி வந்த பெண்கள் அடுத்த மாநிலத்தின் பழைய பட்டியலில் பெற்றோர் பெயரைத் தேட வேண்டியதாயிற்று. குடியிருப்பு அளவுக்குள் பூர்விக அளவு நுழைந்த இடம் இது.

கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே மாதம், இதே எல்லை வேறு விதமாக இறுகியது. கேரளத்துக்குள் வர அனுமதித்த வழிகளில் பாறசாலையை அடுத்த இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியும் ஒன்று. இணையத்தில் பதிந்து பாஸ் வாங்க வேண்டும். நாட்டுக்குள்ளேயே ஒரு விசா முறை சில மாதங்கள் நடந்தது.

வெளிநாட்டார் என்ற ஒப்பீடு

உண்மையான குடியேறிகளுக்கான சட்டம் இதைவிடத் தெளிவானது என்பது விசித்திரம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுக் குடியிருப்புக்குப் பின் பதிவு செய்துகொள்ளலாம். மற்றவர்கள் கடைசி 12 மாதமும் அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டும் வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தம் மூன்று அண்டை நாட்டு ஆறு மதத்தினருக்கு அந்த 11 ஆண்டை 5 ஆகக் குறைத்தது. இலங்கைத் தமிழர் அதில் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்காகக் கேரளத்தில் புனலூரை மையமாகக் கொண்டு 1976இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைந்தது. அவர்கள் இந்தியக் குடிமக்களாகவே வந்தார்கள். கேரளத்தவர் ஆவதற்கு அப்படியொரு ஒப்பந்தம் இல்லை.

வெளியுலகில் இரண்டு துருவங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இராது. முன்னோரின் பூர்விக ஊர் இருக்கும். அமெரிக்காவில் புதிதாகக் குடிவந்தவருக்கு முதல் ஆண்டு குறைந்த உதவித்தொகை என்ற கலிபோர்னியாவின் விதியை 1999இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஒன்று முழுப் பூர்விகம், மற்றது கிட்டத்தட்ட முழுக் குடியிருப்பு. இந்தியா இரண்டையும் வெவ்வேறு அலுவலகங்களில் வைத்திருக்கிறது.

தீராதவை

மொழி அளவு எல்லை வகுக்கப் பயன்பட்டது; தனி மனிதரின் தகுதியைத் தீர்மானிக்க அது உதவும் என்று சொல்வதற்குச் சான்று குறைவு. கல்விச் சேர்க்கைக்கும் பொதுச் சேவைகளுக்கும் குடியிருப்பும் படித்த ஆண்டும் பொருத்தமான அளவுகள். இரு மாநிலங்களும் ஒரே ஆண்டுக்கணக்கை வைத்தால் பாதிச் சண்டை ஓயும் என்று எதிர்பார்க்கலாம். சாதி ஒதுக்கீட்டில் பூர்விக அளவை முழுதாக விட்டுவிடுவது, அந்தந்த மாநிலத்தின் பின்தங்கியோர் பங்கை வெளியார் எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்துக்கு விடை சொல்லாமல் சாத்தியமில்லை. அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் எவரும் நகராமல் எல்லை மட்டும் நகர்ந்த ஊர்களில் அதே அளவை இறுக்கமாக வைப்பதற்கு நியாயம் மிகக் குறைவு.

பங்கஜ் குமார் தீர்ப்பின் தேர்வு உரிமை பழைய மறுசீரமைப்புகளுக்கும் நீளுமா, மணமாகி எல்லை தாண்டும் பெண்ணுக்குக் கணவன் மாநிலத்தில் என்ன தகுதி, 1950 என்ற ஆண்டு இன்னும் எத்தனை தலைமுறைக்குச் செல்லும் ஆகிய மூன்றும் முடிவாகாத கேள்விகள். முதலாவதை நீதிமன்றமும், மற்ற இரண்டை நாடாளுமன்றமுமே தீர்க்க முடியும். அதுவரை நெய்யாற்றின்கரை, விளவங்கோடு தாசில்தார்கள் ஒரே குடும்பத்தின் தாள்களை இரண்டு வெவ்வேறு விதிப்புத்தகங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.